கொடிமலை ஏறும் நண்பர்களுக்கு ஒரு டோபியின் திறந்த மடல்

பினாங்கில் வாரந்தோறும் மலையேறும், காட்டுப் பாதைகளில் ஓடும் தமிழ்க் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்களில் ஒரு குழுவினர் பெரிய மூட்டை ஒன்றை என் சலவைக் கடையில் இறக்கிவிட்டுப் போனார்கள். உள்ளே நாற்பது ஜெர்சிகள். எல்லாம் ஆரஞ்சு நிறம். முதுகில் மலையின் படம், அதன் கீழே அன்றைய தேதி. அந்த ஒரு நாள் நடைக்காகவே அச்சடித்தவை. பாதி வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டதாம். சேறும் வியர்வையுமாகக் கிடந்தவற்றை மொத்தமாகத் துவைத்து வைக்கச் சொன்னார்கள்.

துவைத்தேன். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு எடுத்தேன். அந்த இயந்திரத்தின் அடியில் பிசிறு பிடிக்கும் வலைத்தட்டு ஒன்று உண்டு. இழுத்துப் பார்த்தால் வலை முழுக்க ஆரஞ்சு படிந்திருந்தது. விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினேன். நன்றாக வெந்த தோசை கல்லை விட்டு எழும்புவதுபோல ஒரே தகடாக எழுந்து வந்தது. ஓரத்தில் சற்றுத் தடிப்பு, நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிவு. விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். பஞ்சாக இருந்தால் மசிந்துவிடும்; இது வழுக்கி வழுக்கி உருண்டது. ஓரத்தில் கொஞ்சம் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த மணம் வரும், சாம்பல் உதிரும். இது சுருண்டு உருகிக் கரிய மணியாக உறைந்தது. துணியை அடையாளம் காண என் தந்தை கற்றுக்கொடுத்த சோதனை இது. அந்தக் கரிய மணி பாலியஸ்டர். சுருக்கமாகச் சொன்னால் பிளாஸ்டிக்.

மீதித் தகட்டை நான் எறியவில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். என் இயந்திரம் முக்கால் மணி நேரத்தில் இவ்வளவு உதிர்த்தது. அதே சட்டைகளின்மேல் தோள்பையின் வார் நான்கு மணி நேரம் உரசியிருக்கிறது. பாறையில் சாய்ந்திருக்கிறீர்கள், பிரம்பு முள் இழுத்திருக்கிறது, மழை அடித்துக் கழுவியிருக்கிறது. அப்போது உதிர்ந்ததெல்லாம் எங்கே போயிற்று? மலையில் வலைத்தட்டு கிடையாது.

நான் உங்களுக்கு அந்நியன் அல்லன். இருபது ஆண்டுகளாக ஞாயிறு காலையில் கொடிமலையின் ஜீப் பாதையில் ஏறுகிறேன். உங்களில் பலரோடு நின்று தேநீர் குடித்திருக்கிறேன். என் தந்தை டோபி, அவருடைய தந்தையும் டோபி. யோர்க் சாலைப் பக்கத்தில் டோபி காட் என்ற பெயர் எங்கள் தொழிலால் வந்தது. தண்ணீர்மலை அருவியிலிருந்து இறங்கிவரும் ஆற்றில்தான் அவர்கள் வெளுத்தார்கள். வெள்ளாவி, கஞ்சி, நீலம், அடிக்கும் கல். அன்றும் ஆற்றில் பிசிறு போனது. ஆனால் அது பருத்தி. கரைச் சேற்றில் கிடந்தால் சில மாதங்களில் மக்கிவிடும். அப்படியிருந்தும் என் தந்தை துறைக்கு மேலே யாரையும் காலை நனைக்க விடமாட்டார். கீழே யாரோ ஒருவர் அதே தண்ணீரை முகத்துக்கு ஏந்துவார் என்பார்.

இன்று மலைக்குப் போகும் நாம்தான் அந்த மேல்துறையில் நிற்கிறோம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் அந்தச் சொல் எங்கும் பரவியது. அதே பல்கலைக்கழகத்தில் 2016இல் சலவை இயந்திரத்தை வைத்தே கணக்குப் பார்த்தார்கள். 6 கிலோ அக்ரிலிக் என்ற செயற்கைத் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உதிரலாம் என்று தெரிந்தது. என் தொழிலைப் பற்றிய கணக்கு என்பதால் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு 2020இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சலவையோடு நிறுத்தாமல், துணியை உடுத்தி நடமாடும்போது என்ன நடக்கிறது என்றும் அளந்தார்கள். பாலியஸ்டர் உடுத்தும் ஒருவர் ஓர் ஆண்டில் சலவை மூலம் ஏறத்தாழ 30 கோடி இழைகளைத் தண்ணீரில் விடுகிறார். வெறுமனே உடுத்தி நடமாடுவதால் 90 கோடிக்கும் மேல் காற்றில் விடுகிறார். துவைப்பதைவிட உடுத்துவதில் அதிகம். அதுவும் சாதாரண நடமாட்டத்தின் கணக்கு. முதுகில் பையோடு செங்குத்தில் ஏறி, பாறையில் உட்கார்ந்து சறுக்கி இறங்குவதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவரெஸ்ட்டில் 2019இல் எடுத்த பனியைச் சோதித்தார்கள். 8,440 மீட்டர் உயரத்திலும் இழைகள் இருந்தன. கூடாரங்கள் நெருங்கி நிற்கும் அடிவார முகாமில்தான் மிக அதிகம். பெரும்பாலும் பாலியஸ்டர்; அக்ரிலிக், நைலான், பாலிபுரோபிலீன் ஆகியவையும் கிடைத்தன. மலையேறிகளின் உடுப்பும் கூடாரமும் கயிறும் இவற்றால்தான் ஆனவை.

நம் நிலைமைக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் இருக்கிறது. ஹட்சன் ஆற்றின் மிக உயரமான ஊற்றுக்கண்ணான 'லேக் டியர் ஆஃப் த கிளவுட்ஸ்' என்ற சிறு ஏரியின் ஓரமாக மலையேறும் பாதை போகிறது. கூட்டம் அதிகம் நடமாடும் பாதை. அதே மலைத்தொடரில் 'மாஸ் பாண்ட்' என்ற குளத்துக்குப் பாதையே கிடையாது. இரண்டிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். ஆள் நடக்கும் ஏரியில் நுண்பிளாஸ்டிக் ஏறத்தாழ 23 மடங்கு அதிகம். பக்கத்தில் தொழிற்சாலையும் இல்லை, நகரமும் இல்லை. பாதை மட்டும்தான் இருந்தது.

எல்லாப் பழியையும் மலையேறுகிறவர்கள் தலையில் போடுவதும் நியாயமாகாது. பிரான்ஸின் பிரனே மலைகளில், ஆள் அண்டாத ஓரிடத்தில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 365 துணுக்குகள் வானத்திலிருந்து விழுவதை 2019இல் கண்டார்கள். 95 கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூடக் காற்று அவற்றைச் சுமந்து வருகிறது. கொடிமலைக்குக் கீழே ஒரு பக்கம் ஜார்ஜ் டவுன், இன்னொரு பக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. காற்று இங்கேயும் தன் பங்கைக் கொண்டுவந்து கொட்டத்தான் செய்யும். காற்றை நாம் நிறுத்த முடியாது. நம் முதுகில் இருக்கும் சட்டையை மாற்ற முடியும்.

நாம் நடப்பது எப்பேர்ப்பட்ட மலை என்பதையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். 2021 செப்டம்பர் 15ஆம் தேதி யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது. மலையும் தாவரவியல் பூங்காவும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய கடலுமாக மொத்தம் 12,481 ஹெக்டர். ஊர்த் திடலிலோ கடைத்தெருவிலோ நடக்கும்போது நம் சட்டை உதிர்ப்பது சாக்கடைக்குப் போகும்.  இங்கே உதிர்வது நேராக ஓடைக்குப் போகிறது. பாதையோரத்து ஓடைகள் தண்ணீர்மலை ஆற்றில் கலக்கின்றன. அந்த ஆறு ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து பினாங்கு ஆறாகி ஜெலுத்தோங் பக்கம் கடலில் விழுகிறது. நம் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வந்தாலும், அருவி நீரும் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளில் தேங்கும் மலைநீரும் இன்றும் அதில் சேர்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் நமக்காகப் பெரும்பகுதியை வடிகட்டிவிடும்.

ஓடையில் வாழும் உயிர்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தத் தீவில் மட்டுமே வாழும் ஓடைத் தேரை ஒன்று உண்டு. அன்சோனியா பெனாங்கென்சிஸ் என்று 1870இலேயே அதற்கு நம் ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள். அதன் தலைப்பிரட்டைகள் வேகமாக ஓடும் தண்ணீரில் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு, அதன்மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பாசிப் படலம் பிசுபிசுப்பானது. தண்ணீரில் வரும் இழைகள் அதில் சிக்கிக்கொள்ளும். அருவிக்கு மேலே ஒருநாள் குனிந்து பார்த்தேன். நகக்கண் அளவு கரிய உருவங்கள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, தண்ணீர் அவற்றின்மேல் அடித்துக்கொண்டு போனது. பத்தடி தள்ளி ஒரு கிளையில் மஞ்சள் பிளாஸ்டிக் நாடா தொங்கியது. பழைய ஓட்டப் பந்தயத்துக்கு வழிகாட்டக் கட்டியது. தொட்டதும் கையோடு நான்கைந்து கீற்றாக வந்துவிட்டது.

சட்டை ஒன்றோடு இது முடிவதில்லை. நாம் மலையில் விட்டுவரும் மற்றவற்றையும் சொல்ல வேண்டும்.

முதலில் கயிறு. செங்குத்தான இடங்களில் நாமே நல்லெண்ணத்தோடு கட்டிய நீலக் கயிறுகளும் பச்சைக் கயிறுகளும் எத்தனை ஆண்டுகளாகத் தொங்குகின்றன? போன மாதம் ஒன்றைப் பிடித்து ஏறினேன். மேலே போய்க் கையை விரித்தால் உள்ளங்கை முழுக்க நீலத் தூள். வியர்வையில் ஒட்டிக்கொண்டு, ரேகைகளுக்குள் இறங்கி, சுண்ணாம்புபோல் பூத்திருந்தது. கழுவப் போகும் இடமோ ஓடை. நான் கழுவவில்லை, துண்டில் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாலிபுரோபிலீன் கயிறு வெயில் பட்டால் நாளாக நாளாக நொறுங்கும். ஒவ்வோர் உள்ளங்கையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு போகும். அப்படி நைந்த கயிற்றை நம்பி உயிரைக் கொடுப்பதும் ஆபத்து என்பது வேறு விஷயம். தேங்காய் நார்க் கயிறு கட்டலாமே என்று சிலர் சொல்கிறார்கள். இந்த ஈரக் காட்டில் அது விரைவில் உளுத்துவிடும். கயிற்றை நம்பி ஏறுகிற இடத்தில் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. தேவையில்லாத கயிறுகளை அவிழ்த்துவிடுவோம். தேவையானவற்றுக்கு ஒரு குழு பொறுப்பேற்று, கட்டிய தேதியை எழுதி வைத்து, நையும் முன் மாற்றட்டும். பாதையை நிர்வகிக்கும் துறையிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்வதும் நம் பொறுப்பு.

அடுத்தது நம் ஓய்விடங்கள். தன்னார்வலர்கள் முதுகில் சிமெண்டு சுமந்து கட்டியவை. அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதைக்கு அளவில்லை. விடியற்காலையில் நான்கு மணிக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் முகம் தெரியாதவர்களுக்குத் தேநீர் போட்டு வைக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் அந்தக் கூரைகளில் மழைக்கு மறைப்பாகக் கட்டியிருக்கும் பழைய விளம்பரப் பதாகைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து உள்ளே நூல்வலை தெரிகிறது. கீழே விரித்த செயற்கைப் புல்லில் பாதி வழுக்கையாகிவிட்டது. அந்தப் புல்லின் மறுபாதி எங்கே? அடுத்த மழையில் சரிவில் இறங்கியிருக்கும். மேசையில் 3-இன்-1 கோப்பிப் பொட்டலங்களைக் குப்பைப் பையில் ஒழுங்காகப் போட்டுவிடுகிறோம். கிழிக்கும்போது வரும் வெள்ளி நிற முக்கோண மூலை மட்டும் விரலிலிருந்து நழுவி விழுகிறது. போன ஞாயிறு ஒரு பெஞ்சின் அடியில் மட்டும் 31 மூலைகள் பொறுக்கினேன்.

காலணியைப் பற்றி ஒரு சொல். நம் ஊர் ஈரத்தில் அலமாரியிலேயே நான்கைந்து ஆண்டு கிடந்த மலையேற்றக் காலணியின் நடு அடி, பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே மாவாகியிருக்கும். அந்த அடியில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை ஈரத்தால் சிதையும். அதைப் போட்டுக்கொண்டு படியேறினால் ஒவ்வொரு படியிலும் கரிய துகள் உதிர்ந்துகொண்டே வரும். பாதியில் அடி கழன்றும் போகும். வீட்டிலேயே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் போட்ட ரப்பர் சப்பாத்தை இன்றும் பலர் மலைக்குப் போடுகிறார்கள். அதுவும் தேயத்தான் செய்யும். ஆனால் ஒரே வார்ப்பு, உள்ளே நுரை கிடையாது, பசை கிடையாது, பிய்ந்து சிதறவும் செய்யாது. கொடிமலைக்கு அது போதும் என்பது என் அனுபவம்.

இனி ஜெர்சிக்கு வருகிறேன். உங்களிடம் நான் உரிமையோடு கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு நடைக்கும் புதிய ஜெர்சி அச்சடிப்பதை நிறுத்துங்கள். தேசிய தினத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, குழுவின் ஆண்டு விழாவுக்கு ஒன்று, யாரோ ஆதரவாளர் கொடுத்தார் என்று இன்னொன்று. செயற்கைத் துணி புதிதாக இருக்கும்போது, முதல் சில சலவைகளில்தான் மிக அதிகமாக உதிர்க்கும். வெட்டும்போதும் தைக்கும்போதும் அறுபட்ட இழைகளெல்லாம் அதற்குள் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில், உறையைக் கிழித்த கையோடு போட்டுக்கொண்டு நாம் நேராகக் காட்டுக்குள் போகிறோம். உதிர்ப்பதற்கு இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டாவது முறை அந்தச் சட்டையை யார் போடுகிறார்கள்? பாதிக்குமேல் பெட்டியில் கிடக்கிறது.

பருத்தி நனைந்தால் கனக்கும், காயாது, தோலை உரசும் என்பீர்கள். உண்மைதான். கினபாலு உச்சிக்குப் போகிறவருக்குப் பருத்தி உடுத்தச் சொன்னால் அது குற்றம். குளிரில் நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை எடுத்துவிடும். நம் மலையின் மிக உயர்ந்த முகடு 833 மீட்டர். உச்சியில் முருகன் கோயில் வாசலில் நின்றாலும் வியர்க்கிறது. இரண்டு மணி நேர நடைக்கு ஒரு மெல்லிய பருத்திச் சட்டையும் மாற்றுச் சட்டை ஒன்றும் போதும். நீண்ட ஓட்டக்காரர்களுக்கு அது சரிப்படாது என்று ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பாலியஸ்டரே போடுங்கள். ஆனால் பல முறை துவைத்த பழைய சட்டையைப் போடுங்கள். நெருக்கமாக நெய்த, வழவழப்பான துணியைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சுபோல் உப்பிய ஃபிளீஸ் மேலாடையைக் குகைக்கோ சதுப்புக்கோ தேசியப் பூங்காவுக்கோ கொண்டுபோகாதீர்கள். நான் துவைத்தவற்றிலேயே வலைத்தட்டை மிக விரைவில் அடைப்பது அதுதான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். உலர்த்தியில்தான் வலை இருக்கிறது. துவைக்கும் இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயில் ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகளும் அந்த இழைகளை நான்தான் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு குழாய் வாயிலும் மிக நெருக்கமான வலைப்பை மாட்டியிருக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது, கையால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. சுரண்டியதைக் கட்டிக் குப்பையில்தான் போட முடிகிறது. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. ஆனாலும் மீனின் வயிற்றுக்குப் போவதைவிட அது மேல்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் முக்கா ஹெட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு நிலையம் இருக்கிறது. உங்களில் ஆசிரியர்களும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களும் பலர் இருக்கிறீர்கள். அந்த ஆய்வாளர்களிடம் நாமே போய்க் கேட்போம்: ஜீப் பாதையோர ஓடையில் ஒரு கண்ணாடிப் போத்தல், ஆள் நடமாட்டமே இல்லாத சரிவிலிருந்து இன்னொரு போத்தல், மழைக்கு முன்னும் பின்னும். தண்ணீரைச் சுமந்து இறக்குவது நம் வேலையாக இருக்கட்டும். அடிரோண்டாக்கில் செய்ததை இங்கே செய்ய நமக்குக் கால்கள் இருக்கின்றன. என்ன எண் வந்தாலும் அதை நம் குழுக்களிலேயே முதலில் படிப்போம்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களின் பிளாஸ்டிக் குவளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே அதைத் தொடவில்லை.

வழிகாட்ட நாடா வேண்டும் என்பவர்கள் என் கடைக்கு வாருங்கள். ஹோட்டல்காரர்கள் கழித்துவிட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகள் என்னிடம் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் தூய பருத்தி. தீக்குச்சி வைத்துப் பார்த்துத்தான் பிரித்திருக்கிறேன். இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, மஞ்சள் கிழங்கில் தோய்த்துக் காயவைத்துத் தருகிறேன். காட்டுப் பச்சைக்கு நடுவில் அந்த மஞ்சள் நன்றாகத் தெரிகிறது, பார்த்துவிட்டேன். பந்தயம் முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு வாருங்கள்; ஒன்றிரண்டு விடுபட்டால் மலையே அதை மக்கவைத்துக்கொள்ளும். காசு வேண்டாம். பழைய ஜெர்சி வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அடுத்த நடைக்குப் புதிது வாங்காமல் பழையதையே போடுவதாக முடிவெடுக்கும் குழுவுக்கு அந்த நடைக்கான சலவை என் பொறுப்பு.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தாவரவியல் பூங்காவின் வாசலில் நிற்பேன். கையில் இரண்டு கோணிச் சாக்கு, ஒரு கத்தரிக்கோல், பொறுக்குவதற்கு இடுக்கி. அன்று கயிற்றையோ கூரையையோ தொடப்போவதில்லை. அனுமதி வந்த பிறகுதான் அது. பழைய நாடாக்களையும் பெஞ்சடி மூலைகளையும் மட்டும் எடுப்போம். இறங்கியதும் பசியாறிவிட்டுக் கலையலாம். அந்த ஆரஞ்சுத் தகட்டையும் போத்தலோடு கொண்டுவருகிறேன். கையில் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
யோர்க் சாலைப் பக்கத்து டோபி
பினாங்கு